வயது முப்பத்தெட்டு, படிப்பு தாவர சாஸ்திரம், வேலை கணக்கு!

மாதக் கடைசியில் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, இஸ்திரிக்காரர் கணக்கு எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறீர்கள். எங்கேயோ முப்பது ரூபாய் உதைக்கிறது. "போனால் போகட்டும்" என்று நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போகிறவரா நீங்கள்? அல்லது அந்த முப்பது ரூபாயைப் பிடிக்கும் வரையில் தூக்கம் வராதவரா? இரண்டாவது ரகம் என்றால், சகோதரியே, மேலே படியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இரண்டாவது ரகம். தாவர சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர். பதினான்கு வருஷம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தார். 2020-ஆம் வருஷம் கொரோனா வந்தது. முதலில் பாதிச் சம்பளம். பிறகு அதுவும் நின்றது. வீட்டில் இரண்டு குழந்தைகள். வங்கிக் கடன் வேறு. அப்போதுதான், "கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறேன்" என்றார்.

"செம்பருத்திப் பூவை அறுத்துக் காட்டியவளுக்குப் பற்றும் வரவும் என்ன தெரியும்?" என்று சிரித்தார் அவருடைய நாத்தனார்.

நியாயமான கேள்விதான். வீட்டுக் கணக்கு வேறு, வியாபாரக் கணக்கு வேறு. மளிகைக் கடையில் 1,500 ரூபாய்க்கு அரிசி கடனாக வாங்கினால், நம் நோட்டில் அன்றைக்கு ஒன்றும் எழுத மாட்டோம். கையிலிருந்து காசு போகவில்லையே! வியாபாரக் கணக்கிலோ அன்றே இரண்டு இடத்தில் எழுத வேண்டும். அரிசி வந்தது ஒரு பக்கம்; கடைக்காரருக்குத் தர வேண்டியது இன்னொரு பக்கம். எது வந்தாலும், எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் இரட்டைப் பதிவு முறை. வெனிஸ் வியாபாரிகள் கையாண்ட இந்த முறையை 1494-ஆம் வருஷம் புத்தகத்தில் விளக்கி அச்சிட்டவர் லூகா பாசியோலி. அவர் வியாபாரி அல்ல. கணிதம் கற்பித்த ஒரு துறவி! துறவிக்குப் பிடிபட்டது ஆசிரியைக்குப் பிடிபடாதா?

நம் அம்மாள் முதலில் பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்று அடிப்படைகளைப் படித்தார். பிறகுதான் கம்ப்யூட்டரில் டாலியும் எக்ஸெல்லும் கற்றுக்கொண்டார். இந்த வரிசை முக்கியம். டாலி கூட்டிக் கொடுக்கும். எதை எங்கே எழுதுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தட்டெழுத்து, சுருக்கெழுத்துப் பரீட்சைகளைப் போலவே கணக்கியலுக்கும் அரசாங்கத் தொழில்நுட்பப் பரீட்சை உண்டு. அதையும் விசாரிக்கலாம். "மூன்றே மாதத்தில் வேலை நிச்சயம்" என்று கட்டணம் கேட்கும் இடங்களில் மட்டும் பர்ஸை இறுக மூடிக்கொள்ளுங்கள்.

ஓர் ஆடிட்டர் காரியாலயத்தில் இடம் கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. வேலை கற்றுக் கொடுத்தவளுக்கு வயது இருபத்து நான்கு!

"அவள் 'அக்கா, இது தப்பு' என்று சொல்லும்போதெல்லாம் முதலில் முகம் சிவந்துவிடும். பதினான்கு வருஷம் மற்றவர்களின் தப்பைத் திருத்திய கை அல்லவா?" என்றார் என்னிடம்.

காரியாலயத்தின் காலண்டரும் புதிது. பிடித்த வருமான வரியைக் கட்ட, சாதாரணமாக அடுத்த மாதம் 7-ஆம் தேதி, மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுப்பவர்களுக்கு விற்பனை விவரம் 11-ஆம் தேதி, வரிக் கணக்கு 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை முதல் தேதிதான் என்பதால், அந்த விஷயத்தில் மட்டும் பழம் பெருச்சாளிகளும் அண்மையில் படித்தவர்களே!

நான்காவது மாதம் ஒரு கடைக்காரர் கணக்கில் 2,700 ரூபாய் உதைத்தது. எல்லோரும் சீட்டுகளைப் புரட்டினார்கள். நம் அம்மாள் 2,700-ஐ ஒன்பதால் வகுத்தார், மீதியில்லாமல் போயிற்று. இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்று படித்திருந்தார். இடம் மாறிய எண்ணைத் தேடினார். 6,300 என்று இருக்க வேண்டிய இடத்தில் 3,600! அன்று "அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டது அந்த இருபத்து நான்கு வயதுக்காரி.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுத வணிகப் பட்டம் தேவையில்லை. ஆனால் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்டாக வேண்டும். ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ளவும் வணிகம், சட்டம் போன்ற குறிப்பிட்ட பட்டங்களைக் கேட்கிறார்கள். தாவர சாஸ்திரப் பட்டம் மட்டும் போதாது.

அதற்காகப் பெரிய கதவு அடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். வணிகம் படிக்காத பட்டதாரிகளும் 60 சதவிகித மார்க் இருந்தால், ஆரம்பப் பரீட்சை இல்லாமல் நேரே சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம். வணிகப் பட்டதாரிகளுக்கு 55 போதும். பிறகு ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷப் பயிற்சி, உதவித்தொகை சொற்பம்தான். வயது வரம்பு இல்லை. ஆனால் பரீட்சை கடினம். வீட்டில் சமையலறைப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவின் முதல் பெண் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் யார் தெரியுமா? நம் சென்னைப் பெண்மணி ஆர். சிவபோகம்தான். ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-ல் கணக்கியல் டிப்ளமா பரீட்சையில் தேறினார். சிறை சென்றவர் தொழில் செய்யப் பதிவு செய்யக் கூடாது என்று விதி குறுக்கே நின்றது. அதையும் எதிர்த்துப் போராடி, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னால் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்டுகள் கழகத்தின் தென்னிந்தியக் கவுன்சிலுக்கே தலைவியானார்.

நம் அம்மாள் இப்போது ஆறு கடைகளின் கணக்கைத் தனியே பார்க்கிறார். பழைய சம்பளத்தை எட்ட இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷத்துக்கு வேண்டியதை, வேலைக்குக் கிளம்புமுன்பே நோட்டில் எழுதிக் கணக்குப் பார்த்திருந்தார். நீங்களும் முதலில் போட வேண்டிய கணக்கு அதுதான்.

இந்தத் தீபாவளிக்கு நாத்தனார் வந்திருந்தாராம். கையில் ஒரு பை. பை நிறைய ரசீதுகள். அவருடைய தையல் கடைக் கணக்கு!

"செம்பருத்தி விஷயம் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டீர்களா என்றேன்.

"கேட்கவில்லை. ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு வரச் சொன்னேன்" என்றார்.