வீட்டு ஹாலில் 12 அடி போலிங் பாதை

1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதன் போலிங் ஆட்டங்களுக்குப் பண்டார் சன்வேயில் இருந்த பிரமிட் போல் அரங்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆடவர் ஒற்றையர் பிரிவில் மலேசியாவின் கென்னி ஆங் தங்கம் வென்றார். பென் ஹெங்குடன் சேர்ந்து இரட்டையர் பிரிவிலும் வென்றார். காமன்வெல்த் போட்டிகளில் போலிங் இடம்பெற்றது அந்த ஒரு முறைதான்.

பள்ளி விடுமுறையில் பேரங்காடிக்குப் போய் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வரும் பிள்ளைகள், "வீட்டிலேயே ஒன்று செய்ய முடியுமா?" என்று கேட்பதுண்டு. முழு அளவில் முடியாது. பந்தை உருட்டும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. கட்டைகள் நிற்கும் இடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 63 அடி. ஓடிவந்து பந்தை விட இன்னும் 15 அடி வேண்டும். ஆக மொத்தம் 78 அடி. நம் தாமான்களில் அதிகம் காணப்படும் 20க்கு 70 அடி டெரஸ் வீட்டில் முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தாலும் அது அடங்காது.

அப்படியென்றால் சிறியதாகச் செய்யலாம். எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் படிவம் 2 மாணவன் ஒருவன் அதைத்தான் செய்தான். யாக்கல்ட் போன்ற சிறிய குப்பிகள் பத்தை எடுத்து, மின்விசிறிக் காற்றில் விழாமல் இருக்கப் பாதி தண்ணீர் ஊற்றி நிறுத்தினான். கோலிக்குண்டை உருட்டினான். குண்டு முதல் குப்பியில் மோதித் திரும்பி வந்தது. ஒரு குப்பியும் விழவில்லை. அடுத்த வாரம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கோல்ஃப் பந்தைக் கொண்டுவந்தான். இந்த முறை எங்கே பட்டாலும் குப்பிகள் சிதறி ஓடின. இரண்டு முறை உருட்டியதும் நண்பர்களுக்கு அலுத்துவிட்டது. "டீச்சர், எனக்கு இதெல்லாம் வராது" என்று பெட்டியை மூடி வைத்துவிட்டான்.

உண்மையில் அவன் கைவேலையில் குறையே இல்லை. ஒரு பொருளைச் சிறிதாக்கும்போது அதன் எல்லா அளவுகளும் ஒரே மாதிரி குறைவதில்லை. யாரும் அவனுக்குச் சொல்லாமல் விட்டது அதுதான். அதைத் தெரிந்துகொண்டு மீண்டும் செய்தால், உண்மையான போலிங் போலவே நடந்துகொள்ளும் ஒரு பாதை உங்கள் வீட்டிலும் கிடைக்கும்.

ஐந்தில் ஒரு பங்கு என்றால் என்ன?

எல்லா நீளங்களையும் 5ஆல் வகுப்போம். 60 அடிப் பாதை 12 அடியாகும், அதாவது 3.66 மீட்டர். 105 செ.மீ. அகலம் 21 செ.மீ. ஆகும். 38 செ.மீ. உயரக் கட்டை 7.6 செ.மீ. ஆகும். 21.6 செ.மீ. விட்டமுள்ள பந்து 4.3 செ.மீ. ஆகும்.

இதில் இரண்டு வசதிகள் தாமாகவே கிடைக்கின்றன. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அந்தத் தாள் 13ஐ நீளவாக்கில் வரிசையாக வைத்தால், கட்டைகள் நிற்கும் இடம் உட்பட முழுப் பாதையின் வடிவமும் தரையில் வந்துவிடும். கோல்ஃப் பந்தின் விட்டமோ 4.27 செ.மீ. நமக்கு வேண்டிய பந்து கடையிலேயே இருக்கிறது.

இப்போது பொருண்மைக்கு வருவோம். போலிங் பந்து அதிகபட்சம் 7.26 கிலோகிராம் இருக்கலாம். அதையும் 5ஆல் வகுத்தால் 1.45 கிலோகிராம் வருகிறது. 4.3 செ.மீ. பந்து அவ்வளவு கனமாக இருக்க முடியுமா? அந்தப் பந்தின் கன அளவு 42 கன சென்டிமீட்டர்தான். அப்படியானால் ஒவ்வொரு கன சென்டிமீட்டரும் 34 கிராம் இருக்க வேண்டும். தனிமங்களில் மிக அடர்த்தியான ஆஸ்மியமே 22.6 கிராம்தான். அப்படி ஒரு பந்தை எந்த உலோகத்தாலும் செய்ய முடியாது.

காரணம் எளிது. நீளம் ஐந்தில் ஒரு பங்காகும்போது அகலமும் உயரமும் சேர்ந்து குறைகின்றன. 5 x 5 x 5 என்று பெருக்கினால் 125. ஆகவே கன அளவும், அதோடு பொருண்மையும், 125இல் ஒரு பங்காகின்றன. 7.26 கிலோகிராம் பந்து 58 கிராமாகும். ஏறத்தாழ 1.55 கிலோகிராம் உள்ள கட்டை 12 கிராமாகும். கோல்ஃப் பந்து 46 கிராம். 58ஐ விடக் குறைவு. ஆனால் அது பெரிய பிரச்சினை இல்லை. ஏன் என்பதைக் கேரம் பலகை சொல்லும்.

ஸ்ட்ரைக்கரும் காயும்

கேரமில் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும். காய் 5 கிராம் அல்லது சற்றே கூடுதல். ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாக ஒரு காயை வைத்து இன்னொரு காயை நேராக அடித்துப் பாருங்கள். அடித்த காய் அங்கேயே நின்றுவிடும், அடிபட்டது ஓடும். மோதுகிற பொருளும் மோதப்படும் பொருளும் ஒரே பொருண்மை என்றால் உந்தம் கிட்டத்தட்ட முழுவதும் கைமாறிவிடுகிறது. மோதுகிற பொருள் இலேசானது என்றால் திரும்பி வரும். கனமானது என்றால் வேகம் குறைந்து முன்னே போய்க்கொண்டிருக்கும்.

கோலிக்குண்டு திரும்பி வந்ததன் காரணம் இதுதான். தண்ணீர் உள்ள குப்பி அதைவிடப் பல மடங்கு கனம். அடுத்த வாரம் நடந்தது இதற்கு நேர்மாறு. வெறும் குப்பி மிக இலேசு. கோல்ஃப் பந்து எதையும் பொருட்படுத்தாமல் நேராகப் போய்விட்டது.

உண்மையான போலிங்கில் பந்து கட்டையைப் போல் 4 முதல் 5 மடங்கு கனம். அதனால் ஒவ்வொரு மோதலிலும் பந்து கொஞ்சம் வேகம் இழந்து, கொஞ்சம் திசை மாறி, முன்னே போகிறது. வலக்கை ஆட்டக்காரர் ஒரே உருட்டில் பத்தையும் மிகச் சரியாக வீழ்த்தும்போது பந்து தொடுவது 4 கட்டைகளை மட்டுமே: 1, 3, 5, 9. முதல் கட்டை 2ஐத் தள்ள, அது 4ஐயும், 4 ஏழையும் தள்ளும். மூன்றாவது கட்டை 6ஐத் தள்ள, அது 10ஐத் தள்ளும். ஐந்தாவது 8ஐத் தள்ளும். மீதி 6 கட்டைகளைக் கட்டைகளே வீழ்த்துகின்றன. இந்தச் சங்கிலி சரியாக நடக்க, பந்துக்கும் கட்டைக்கும் உள்ள விகிதம் சரியாக இருக்க வேண்டும். நம் பந்து 46 கிராம் என்றால் கட்டை 10 முதல் 11 கிராம் இருந்தால் போதும்.

கட்டை செய்வது எப்படி?

ஹார்ட்வேர் கடையில் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான மரக்கோல் வாங்குங்கள். 7.6 செ.மீ. நீளத்தில் பத்துத் துண்டுகளாக அறுங்கள். அடிப்பாகம் நேராக இருக்கும்படி மணல்தாளில் தேயுங்கள். மரத்தின் வகையைப் பொறுத்து ஒரு துண்டு 10 கிராம் அளவில் இருக்கும். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டையின் அடிப்பரப்பையும் கவனிக்க வேண்டும். உண்மையான கட்டையின் அடி 5 செ.மீ. அகலம்தான், அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 14.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே சுமார் 10 பாகை சாய்ந்தாலே விழுந்துவிடும். உங்கள் கட்டையை ஒரு பலகையில் நிறுத்தி, பலகையை மெல்லச் சாய்த்து, விழும் கோணத்தைப் பாகைமானியில் பாருங்கள். மரக்கோல் துண்டு ஏறத்தாழ 12 பாகையில் விழும். அகலமான அடி கொண்ட குப்பி 20 பாகையைத் தாண்டியும் நிற்கும்.

இன்னும் ஒரு குறை உண்டு. கட்டைகளின் மையங்களுக்கு இடையே 6.1 செ.மீ. விட வேண்டும். கட்டை 1.6 செ.மீ. பருமன் என்றால் நடுவே 4.5 செ.மீ. இடைவெளி இருக்கும். 4.27 செ.மீ. பந்து யாரையும் தொடாமல் நுழைந்துவிடும்! ஆகவே தரையிலிருந்து 2.3 செ.மீ. உயரத்தில் காகித நாடாவைச் சுற்றிச் சுற்றி, கட்டைக்கு 2.4 செ.மீ. அகலத்தில் ஒரு வயிறு செய்யுங்கள். உண்மையான கட்டைக்கும் வயிறு இருப்பது அதே இடத்தில்தான்.

மேசை உயரம் போதும்

கையால் உருட்டினால் ஒவ்வொரு முறையும் வேகம் மாறும். ஒரு பலகையின் மேல்முனையைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வையுங்கள். இரண்டு மெல்லிய சட்டங்களை 5 செ.மீ. இடைவெளியில் ஒட்டி, பந்துக்கு வழி செய்யுங்கள். பலகையின் கீழ்முனையும் தரையும் சேரும் இடத்தில் வளைந்த அட்டை ஒன்றை ஒட்டுங்கள். இல்லையென்றால் பந்து துள்ளும்.

75 செ.மீ. உயரத்திலிருந்து உருளும் பந்து, உராய்வு இழப்பை ஒதுக்கினால், வினாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் தளத்துக்கு வரும். மணிக்கு 12 கிலோமீட்டருக்கும் குறைவு. மெதுவாகத் தோன்றுகிறதா? நீளத்தை 5ஆல் குறைத்தாலும் புவியீர்ப்பு குறைவதில்லை. சிறிய கட்டை பெரியதைவிட விரைவாக விழுந்துவிடும். விழும் நேரம் 5இன் வர்க்கமூலத்தால், அதாவது 2.24ஆல் குறைகிறது. பந்தின் வேகத்தையும் அதே எண்ணால்தான் குறைக்க வேண்டும். 3.2ஐ 2.24ஆல் பெருக்கினால் மணிக்கு 26 கிலோமீட்டர். அரங்கில் நன்றாக ஆடுபவரின் பந்து வேகம் அதற்கு அருகில்தான் இருக்கும்.

இதைக் கண்ணால் சரிபார்க்கலாம். கைப்பேசியில் படம் எடுத்து, பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கட்டைகள் சரிவது அரங்கில் பார்ப்பது போலவே தெரியும். திரைப்படங்களில் சிறிய மாதிரிக் கட்டடம் இடியும் காட்சியை வேகமாகப் படமெடுத்து மெதுவாகக் காட்டுவதும் இதே கணக்கில்தான்.

இனி சோதனை

தரை ஓடுகளின் இணைப்பில் பந்து திசைமாறும். அதனால் மிச்சமான வினைல் தரைவிரிப்பை 21 செ.மீ. அகலத்தில் வெட்டி விரியுங்கள். பந்தைத் தடுக்கப் பின்னால் மடித்த பழைய துண்டை வையுங்கள். கோல்ஃப் பந்து கடினமானது. தவழும் குழந்தை இருக்கும் இடத்தில் வேண்டாம். மாடி வீடு என்றால் கீழ்வீட்டாரின் உறக்க நேரத்திலும் வேண்டாம்.

முதலில் முதல் கட்டையின் நடுவுக்குக் குறிவைத்து 20 முறை உருட்டுங்கள். அடுத்து 1.3 செ.மீ. வலப்பக்கமாக 20 முறை. ஒவ்வொரு முறையும் எத்தனை விழுந்தன, எவை நின்றன என்று குறியுங்கள்.

மூன்றாவது சோதனைக்கு வீட்டுப் பாதைதான் வசதி. பந்து சுமார் 6 பாகை கோணத்தில் நுழைவது நல்லது என்பார்கள். ஆனால் அரங்கில் பாதையின் ஓரத்திலிருந்து நேராக உருட்டினாலும் 2 பாகைகூடக் கிடைக்காது. அதனால்தான் ஆட்டக்காரர்கள் பந்தைச் சுழற்றி விடுகிறார்கள். பாதையின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பதால் அங்கே பந்து வழுக்கிக்கொண்டு போகும். கடைசி 20 அடி போல உலர்ந்த பகுதியில் உராய்வு கிடைத்ததும் வளையும். கேரம் பலகையில் மாவு தூவுவது போன்ற வேலையை அங்கே எண்ணெய் செய்கிறது. உங்கள் வீட்டிலோ சாய்பலகையையே நகர்த்தலாம். கோட்டின் அருகே அதை 38 செ.மீ. வலப்பக்கம் தள்ளிக் கட்டைகளை நோக்கித் திருப்பினால் 6 பாகை வந்துவிடும். முதல் கட்டைக்கு வலப்பக்கம் 1.3 செ.மீ. என்ற அதே குறியில் 20 முறை உருட்டி, முந்தைய இரண்டு பட்டியல்களோடு ஒப்பிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் 5 மீட்டர் நீளம் கிடைக்கவில்லையா? பத்தில் ஒரு பங்காகச் செய்யுங்கள். பாதை 1.83 மீட்டர், சாய்பலகையின் உயரம் பாதியாக, 37 செ.மீ. போதும். 2.2 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குண்டு ஏறத்தாழ 13 கிராம் இருக்கும். 3.8 செ.மீ. உயரமுள்ள கட்டை எத்தனை கிராம் இருக்க வேண்டும், எதனால் செய்யலாம் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

அந்த மாணவன் பெட்டியை மறுபடி திறந்தான். மரக்கோலை அறுத்தது அவன் அப்பா. நாடா சுற்றியது தங்கை. முதல் உருட்டில் 7 விழுந்து 3 நின்றன. "ஏன் டீச்சர் அந்த மூணு மட்டும்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் கைப்பேசிப் படத்தைப் பாதி வேகத்தில் ஓட்டத் தொடங்கினான்.