பின்வாங்கி ஜெயிக்கும் வித்தை

கூடைப்பந்தில் உயரம் குறைந்தவர்களின் ஆயுதம் ஃபேடவே. அதைப் பழக ஒரே ஒரு ரிங் போதும். மான்குர்த் போன்ற இடங்களில் அந்த ஒரு ரிங்தான் பெரிய விஷயம்.

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் மான்குர்த்தைத் தாண்டினால் கடற்கழி, அதற்கப்பால் வாஷி. 1992ல் கழியின் மேல் ரயில் ஓடத் தொடங்கும்வரை பாதை இங்கேயே முடிந்தது. நகரம் வேண்டாமென்று ஒதுக்கியதெல்லாம் வந்து சேர்ந்ததும் இந்தப் பக்கம்தான். பக்கத்து தேவ்னாரில் 1927 முதல் குப்பை கொட்டப்பட்டது. அணுசக்தி ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976ல் காலி செய்யப்பட்டபோது, அங்கே வாழ்ந்த ஏராளமான தமிழர்கள் உட்பட எல்லோரும் அருகிலுள்ள சீத்தா கேம்புக்குப் பெயர்க்கப்பட்டார்கள். பிறகு, ரயில் பாதையோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் லல்லுபாய் காம்பவுண்டின் நெருக்கியடித்த அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். 2009ல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில், இந்தப் பகுதி அடங்கிய எம் கிழக்கு வார்டுக்குத்தான் கடைசி இடம்.

இங்கே வளரும் பிள்ளைக்குச் சட்டென்று புரியக்கூடிய வித்தை ஒன்று கூடைப்பந்தில் உண்டு. இடமே இல்லாத இடத்தில் தனக்கென்று ஒரு சாண் இடத்தை உண்டாக்கிக்கொள்ளும் வித்தை. அதுதான் ஃபேடவே ஜம்ப் ஷாட்.

பார்க்க எளிது. பந்தை வைத்திருப்பவன் ரிங்குக்கு முதுகு காட்டி நிற்கிறான். அவனைவிட உயரமான காவலன் முதுகோடு ஒட்டி நிற்கிறான். இவன் ஒரு பக்கமாகத் தோளை அசைக்கிறான்; காவலன் அந்தப் பக்கம் சாய்கிறான். அந்தக் கணத்தில் மறுபக்கம் திரும்பி எகிறுகிறான். மேலே மட்டுமல்ல, சற்றுப் பின்னோக்கியும். காவலனின் கை நீள்கிறது. பந்தோ எட்டாத தூரத்தில் புறப்பட்டுவிட்டது.

குதித்துப் பந்தெறியும் வழக்கமே உயரக் குறைவிலிருந்து பிறந்ததுதான். 1891ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கிய பிறகு, பல பத்தாண்டுகள் வீரர்கள் பாதங்களைத் தரையில் ஊன்றியே பந்தெறிந்தார்கள். 1934ல் வயோமிங் மாநிலத்துப் பண்ணை ஒன்றில், காற்றாலைக் கம்பத்தில் மாட்டிய வளையத்தின்கீழ் கென்னி செய்லர்ஸ் என்ற சிறுவன் தன் அண்ணனோடு ஆடிக்கொண்டிருந்தான். அண்ணனின் உயரம் 6 அடி 5 அங்குலம். தம்பி அவரைவிடப் பல அங்குலம் குட்டை. எறிந்ததையெல்லாம் அண்ணன் தட்டிவிட, வேறு வழியில்லாமல் தம்பி குதித்து எறிந்தான். 1943ல் அதே செய்லர்ஸ் வயோமிங் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்க தேசியப் பட்டத்தை வென்று தந்தார். ஜம்ப் ஷாட்டின் முன்னோடிகளில் ஒருவராக அவர் இன்றும் போற்றப்படுகிறார்.

ஜம்ப் ஷாட்டோடு பின்சாய்வு சேர்ந்தால் ஃபேடவே. அதை உலகப் புகழாக்கியவர் மைக்கேல் ஜோர்டான். 1993ல் ஓய்வு பெற்று 1995ல் திரும்பி வந்தபோது அவருக்கு 32 வயது. பழைய துள்ளல் குறைந்திருந்தது. அந்தக் குறையை அவர் ஃபேடவேயால் ஈடுகட்டினார். 1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். கோபி பிரையன்ட் அதே வழியில் நடந்தார். ஜெர்மனியின் டிர்க் நோவிட்ஸ்கியோ ஏழடி மனிதர். அவரும் ஒற்றைக்காலில் எகிறிப் பின்சாயும் ஒரு ஷாட்டைப் பழகி, 2011ல் டல்லாஸ் அணிக்குப் பட்டம் வாங்கித் தந்தார்.

பழகுவது எப்படி? முதல் எதிரி இதன் பெயரே. பின்னால் சாய வேண்டும் என்றதும் பிள்ளைகள் இடுப்பை வளைத்துச் சரிந்துவிடுகிறார்கள். பந்து ரிங்கைத் தொடக்கூடச் செய்யாது. காரணம் சாதாரணக் கணக்கு: உடல் பின்னால் போகும் வேகம், பந்து முன்னால் போகும் வேகத்திலிருந்து கழிந்துவிடுகிறது. ஈடுகட்ட வேண்டியவை காலும் மணிக்கட்டும். எனவே எகிறுவது பெரும்பாலும் மேல்நோக்கித்தான். பின்னோக்கி ஓரடி போனாலே போதும். தோள்கள் இரண்டும் ரிங்கைப் பார்க்க வேண்டும். முழங்கை பந்துக்கு அடியில் இருக்க வேண்டும். எகிறிய உச்சியில் பந்து கையைவிட்டுப் போக வேண்டும்.

பந்து உயர வளைந்து போவதும் முக்கியம். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் குறுக்களவு 45 செ.மீ., பெரிய பந்தின் குறுக்களவு சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு முழு 45 செ.மீ. வாசல் திறந்திருக்கும். 45 டிகிரிச் சாய்வில் வரும் பந்துக்கு அது 32 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். 30 டிகிரியில் வந்தால் 23 செ.மீ. கூடத் தேறாது, ரிங்கில் படாமல் பந்து நுழைய வழியே இல்லை. தட்டையாக எறிந்து பழகியவர்களின் ஃபேடவே தோற்பது இதனால்தான்.

ஆகவே இது முதல் பாடமல்ல, கடைசிப் பாடம். முதலில் ரிங்குக்கு அருகே நின்ற இடத்திலிருந்து ஒற்றைக் கையால் எறிவது. பிறகு நேராகக் குதித்து எறிவது. அடுத்து, முதுகு காட்டி நின்று, ஒரு காலை ஊன்றித் திரும்புவது. ஊன்றிய காலைத் தூக்கி, பந்து கையில் இருக்கும்போதே மறுபடி தரையில் வைத்தால் டிராவலிங். பந்து எதிரணிக்குப் போய்விடும். இவை உடம்பில் ஊறிய பிறகுதான் பின்சாய்வு. சிறுவர்களுக்குப் பெரியவர்களின் 7ம் எண் பந்தைக் கொடுத்தால் கனம் தாங்காமல் இடுப்பிலிருந்து தூக்கி எறிந்து பழகிவிடுவார்கள். 5ம் எண் பந்து அவர்களுக்கு ஏற்றது.

இந்த ஷாட்டைப் பிடிக்காத பயிற்சியாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னால் சாய்ந்தவன், தவறி வரும் பந்தைப் பிடிக்க ஓட முடியாது. சமநிலை கொஞ்சம் பிசகினாலும் குறி தப்பும். சிமென்ட் தரையில் குதிகால் படத் தாறுமாறாக விழுந்தால் கணுக்கால் பிசகும். இரண்டு பாதங்களிலும் இறங்கப் பழகாதவன் இதை முயலவே கூடாது. ஆட்ட விதியும் இதற்குத் துணை நிற்கிறது: எகிறியவன் இறங்கும் இடத்துக்குள் காவலன் புகுந்தால் அது ஃபவுல்.

இத்தனைக்கும் தேவை திரும்பத் திரும்பச் செய்வது. ஆயிரக்கணக்கான முறை. பணக்காரப் பிள்ளைகளால் மட்டுமே முடிகிற காரியமா இது? இல்லை என்பதற்கு மும்பையிலேயே சாட்சி இருக்கிறது: நாக்பாடா. தென் மும்பையின் நெரிசலான, வசதி குறைந்த பேட்டை அது. அங்கே நடந்து போகும் தூரத்தில் கோர்ட் இருந்தது. பச்சு கான் என்ற பயிற்சியாளர் இருந்தார். தெருப் பிள்ளைகள் இந்திய அணிவரை போனார்கள். அவர்களில் குலாம் அப்பாஸ் மூன்டசிர் இந்தியாவின் கேப்டனானார். 1970ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார்.

அதே நாக்பாடாவில் சமூக சேவை மையம் ஒன்றை நடத்திய அமெரிக்கர் கிளிஃபர்ட் மான்ஷார்ட்தான், 1936ல் தொடங்கிய டாடா சமூகப் பணிப் பள்ளியின் முதல் இயக்குநர். அந்தப் பள்ளி இன்று டாடா சமூக அறிவியல் கழகமாக மான்குர்த்துக்கு அருகே தேவ்னாரில் இருக்கிறது. நாக்பாடாவின் கல்வி இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது; நாக்பாடாவின் கூடைப்பந்து வரவில்லை.

இந்தியக் கூடைப்பந்தின் கண் பெரும்பாலும் உயரத்தின் மேல்தான். 2015ல் பஞ்சாபின் ஏழடி தாண்டிய சத்னாம் சிங்கை அதே டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தபோது நாடே கொண்டாடியது. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்க வாய்க்கவில்லை. 2019 அக்டோபரில் வொர்லியில் இந்தியானாவும் சேக்ரமென்டோவும் மோதிய முதல் ஆட்டத்தைக் காண சுமார் 3,000 பிள்ளைகள் அழைத்து வரப்பட்டார்கள். இந்தியானா 132-131 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. நல்ல விருந்துதான். ஆனால் பார்த்ததைப் பழக மறுநாள் எங்கே போவது?

கோர்ட்டுகள் நகரில் இல்லாமல் இல்லை. தமிழர்களின் மாட்டுங்காவில் இந்தியன் ஜிம்கானா இருக்கிறது. டான் பாஸ்கோ பள்ளி நடத்தும் சாவியோ கோப்பை நாடறிந்த போட்டி. ஆனால் மான்குர்த்திலிருந்து போவதற்கு குர்லாவில் ரயில் மாற வேண்டும். மாலை நெரிசலில் பன்னிரண்டு வயதுப் பெண்ணை அப்படி அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? சென்னையின் அனிதா பால்துரை 18 ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடி, 2021ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரைப்போல் வர ஆசைப்படும் பெண்ணுக்கு முதல் தடை உயரமல்ல, தூரம்.

முழு கோர்ட்டின் அளவு 28க்கு 15 மீட்டர். 420 சதுர மீட்டர். இந்த நெரிசலில் அது பெரிய கேள்விதான். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான மூவர் ஆட்டத்துக்கு 15க்கு 11 மீட்டரும் ஒரே ஒரு ரிங்கும் போதும். ஃபேடவே பழக அதுகூட வேண்டாம். பள்ளி முற்றத்தில், சமமான தரையில், சரியான உயரத்தில் ஒரு ரிங், மாலையில் பூட்டாத கேட், கற்றுத்தர ஒருவர்.

பின்னோக்கி ஓரடி எடுத்து வைக்கத்தான் இடம் கேட்கிறார்கள் மான்குர்த்தின் பிள்ளைகள். அந்த ஓரடி கிடைத்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.