சாயம் ஏற்றிய துணி ஏன் விறைக்கிறது?

பாலக்காடு மாவட்டம் சித்தூரின் தேவாங்கபுரத்திலும், காயத்ரிப்புழை பாரதப்புழையில் கலக்கும் இடத்தையொட்டிய குத்தாம்புள்ளியிலும் நெய்யும் செட்டு முண்டு பெரும்பாலும் பருத்தியின் சொந்த நிறத்திலேயே இருக்கும். சாயம் ஓடுவது கரையில்தான். சாயக்காரருக்கு இதைவிடக் கடுமையான சோதனை இல்லை. கரை நூலில் பிடிக்காத சாயம் சிறிது தங்கினாலும் முதல் சலவையிலேயே வெள்ளையில் இறங்கிவிடும்.

சாயம் இறங்குவதற்கும் துணி மொறமொறப்பதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: சரியாக அலசாதது. வீட்டில் சாயம் போடுகிறவர்கள், துணி விறைத்ததும் கடைக்குப் போய் மென்மையூட்டித் திரவம் வாங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது.

இன்று பருத்திக்கு அதிகம் பயன்படுபவை ரியாக்டிவ் சாயங்கள். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டறிந்த இந்த வகை, 1956இல் புரோசியான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. சோடா உப்பின் காரத்தில் சாய மூலக்கூறு பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. ஆனால் தொட்டியில் தண்ணீரும் இருக்கிறதே! சாயத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். வீணானாலும் அது இழையை விட்டு எளிதில் விலகாது. வெறுமனே தொற்றிக்கொண்டு கிடக்கும். கூடவே சாயத்தொட்டியில் சேர்த்த கறியுப்பும் சோடாவும் நூலில் தங்கும். மழை குறைந்த கிழக்குப் பாலக்காட்டில் கிணறு, போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக இழைமேல் ஒட்டும். உலர்ந்ததும் கை உணர்வது இந்த மிச்சங்களைத்தான்.

ஆகவே அலசுவதில் வரிசை முக்கியம். முதலில் குளிர்ந்த நீர், பல தடவை. சாயத்தை இழையோடு நெருக்கி வைத்திருப்பது உப்பு. அது போனால்தான் மற்றது நகரும். பிறகு கொதிநிலையை நெருங்கிய வெந்நீரில் சிறிதளவு சோப்புத்தூள் போட்டு ஊறவைக்க வேண்டும். வீணான சாயம் இந்தச் சூட்டில்தான் கழன்று வரும். நீர் தெளியும்வரை மறுபடி அலசல். கார மிச்சம் போக, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து முக்கி, நல்ல தண்ணீரில் எடுக்கலாம். சரிகை உள்ள துணிக்கு வினிகர் வேண்டாம். வினிகரையும் பிளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

இதற்குப் பிறகும் மென்மை போதவில்லை என்றால் திரவத்துக்கு வரலாம். அதன் முக்கியப் பொருள் நேர்மின்னூட்டம் கொண்ட, நீண்ட கொழுப்பு வாலுடைய மூலக்கூறு. தண்ணீரில் பருத்தி எதிர்மின்னூட்டம் பெறுவதால் அது இழையில் படிந்து உராய்வைக் குறைக்கிறது. சோப்புத்தூளும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் உடையவை. அலசாத துணியில் திரவத்தை ஊற்றினால் அவை திரவத்தோடு கட்டிக்கொண்டு திட்டுத்திட்டாகக் கறை படியும். துண்டுகளுக்கும் குழந்தைகளின் இடுப்புத்துணிக்கும் இதைத் தவிர்ப்பதே நல்லது. கொழுப்புப் படலம் ஈரம் உறிஞ்சும் திறனைக் குறைக்கிறது. பஞ்சு எழும்பிய துணிகளில் இது தீ வேகமாகப் பரவவும் இடம்கொடுக்கும்.

அலசிய நீர் போகும் இடமும் நம் கவலையில் சேர வேண்டும். வாளையாறு எல்லை தாண்டி அதிக தூரமில்லாத திருப்பூரில், சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு வீட்டு வாளி அந்த அளவு அல்ல. என்றாலும் அதைக் கிணற்றடியிலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. மென்மையூட்டிகளில் உள்ள நேர்மின்னூட்டப் பொருள்கள் மீன்களுக்கு நஞ்சு.

நன்றாக அலசிய பருத்தியும் கொடியில் உலர்ந்தால் சற்று விறைக்கும். ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இழைப்பரப்பில் விடாமல் தங்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் காட்டியது. அந்த நீர்தான் பக்கத்து இழைகளைப் பிணைத்து வைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். இந்த விறைப்புக்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை: காயப்போடும் முன் நன்றாக உதறி, காய்ந்தபின் இரு கைகளாலும் கசக்கினால் பிணைப்புகள் விட்டுத் துணி இளகிவிடும்.