ஐயப்பொருளும் துணைவினையும்

சித்திரை பிறந்ததும் பண்ருட்டிக் கடைத்தெருவில் பலாப்பழங்கள் மலைபோற் குவிகின்றன. வாங்க வருபவர் ஒன்றைத் தட்டி ஓசை கேட்கிறார், முள் விரிந்து மழுங்கியிருக்கிறதா என நோக்குகிறார், மணம் பார்க்கிறார், பின்னர் விற்பவரை வினவுகிறார். விற்பவர் கூறும் விடையைச் சிறிது உற்றுக் கேட்டல் வேண்டும். பிளந்து பாராத பழத்தைப் 'பழுத்திருக்கு' என்று அவர் எளிதிற் சொல்லிவிடுவதில்லை. 'பழுத்திருக்கும்' என்பார், 'நாளைக்குப் பழுத்துடும்' என்பார், ஐயம் மிகுமாயின் 'பழுத்தாலும் பழுக்கும்' என்பார், இன்னும் மிகுமாயின் 'பழுக்குமோ என்னவோ' என்று விட்டுவிடுவார். பழம் ஒன்றே, அதனைப் பற்றிய துணிவுதான் படிப்படியாகக் குறைகின்றது. 'பழுத்திருக்கும்' என்ற சொல்லை நம்பி வாங்கியவர், அறுத்தவிடத்துக் காயாகக் கண்டால் மறுநாள் வந்து வழக்காடுவார். 'பழுத்தாலும் பழுக்கும்' என்று கேட்டு வாங்கியவர்க்கு அவ்வுரிமை இல்லை. ஓர் ஈற்றிலும் ஓர் இடைச்சொல்லிலும் இத்துணைப் பொறுப்பு அடங்கியிருக்கின்றது.

ஆங்கிலத்தில் இப் பணியைப் பெரிதும் ஏற்று நடத்துவன 'கேன், குட், மே, மைட், மஸ்ட், வில்' முதலிய சில துணைவினைகளே. இவற்றைக் கற்கும் நம் மாணவர் ஒவ்வொன்றற்கும் ஒரு தமிழ்ச்சொல்லை நேர்நிறுத்தி மனப்பாடம் செய்வர்: 'மே' என்பது 'லாம்', 'கேன்' என்பது 'முடியும்', 'மஸ்ட்' என்பது 'வேண்டும்'. 'மைட்' என்பதற்கு ஒன்றும் அகப்படாமையின், அதற்கும் 'லாம்' என்றே எழுதுவர். தமிழில் அவ் வேறுபாட்டைக் காட்டக் கருவி இல்லை என்னும் எண்ணமும் இதனால் வேரூன்றிவிட்டது. அவ் வெண்ணம் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் இச் சொற்களின் பிறப்பை நோக்குவோம். 'கேன்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'அறிதல்' என்னும் பொருளது. 'மே' என்பது 'வலிமையுடைமை' குறித்தது. 'வில்' என்பது 'விரும்புதல்' குறித்தது. 'மஸ்ட்' என்பது இசைவு குறித்த வினையொன்றின் இறந்தகால வடிவிலிருந்து வந்தது. பொருள்நிறைந்த வினைகளே தேய்ந்து துணைவினைகளாயின. தமிழிலும் இதுவே நெறி. 'கூடும்' என்பது ஒன்றுசேர்தல் குறித்த 'கூடு' என்பதன் வழியது. 'முடியும்' என்பது நிறைவெய்துதல் குறித்தது. 'வேண்டும்' என்பது விரும்புதல் குறித்தது. 'வரலாம்' என்பதோ 'வரல்', 'ஆம்' என்னும் இரண்டின் புணர்ச்சி. ஆங்கிலேயன் வலிமையிலிருந்தும் தமிழன் ஆதலிலிருந்தும் புறப்பட்டு, 'நிகழ்தற்கு இடமுண்டு' என்னும் ஒரே பொருளை எய்தினர். வந்து சேர்ந்த இடம் ஒன்றாயினும் வந்த வழிகள் வேறாதலின், ஒன்றன் எல்லை மற்றொன்றன் எல்லையோடு ஒத்திராது.

இதற்கு 'மஸ்ட்' நல்ல சான்று. கட்டாயம் குறிக்குமிடத்து அது 'வேண்டும்' என்பதனோடு ஒக்கும். ஊகம் குறிக்குமிடத்து நுண்ணிய வேறுபாடொன்று தோன்றுகின்றது. காலையில் எழுந்து முற்றம் ஈரமாயிருக்கக் கண்டவர், 'இரவு மழை பெய்திருக்க வேண்டும்' என்பார். வெளியூரில் இருந்துகொண்டு, கார்த்திகை மாதமாயிற்றே என்று எண்ணியவர், 'ஊரில் இந்நேரம் மழை பெய்திருக்கும்' என்பார். முன்னது கண்ட அடையாளத்திலிருந்து பெற்ற ஊகம். பின்னது வழக்கறிவிலிருந்து பெற்ற ஊகம். ஆங்கிலத்திலும் முன்னதற்கு 'மஸ்ட்' என்பதும் பின்னதற்கு 'வில்' என்பதும் இயல்பாக வரும். வழக்கமாக வரும் நேரத்தில் கதவு தட்டப்பட்டால் 'தபால்காரராக இருக்கும்' என்கின்றோம். அவ்விடத்து ஆங்கிலேயர் கூறுவதும் எதிர்கால வடிவே. 'உம்' ஈற்றை எதிர்காலம் என்று மட்டும் கூறி நிறுத்திவிடும் பள்ளி இலக்கணம் அதன் பாதிப் பொருளை விட்டுவிடுகின்றது.

எதிர்மறையில் நிலை மாறுகின்றது. 'அவர் வீட்டில் இருக்க வேண்டும்' என்னும் ஊகத்தை மறுக்குமிடத்து, 'இருக்க வேண்டாம்' என்றல் பொருந்தாது; 'இருக்க முடியாது' என்பதே வழக்கு. ஆங்கிலத்திலும் 'மஸ்ட்' விலகிக் 'கேன்' என்பதன் எதிர்மறையே அவ்விடத்து வருகின்றது. ஆனால் உடன்பாட்டில் 'அவர் இப்போது வீட்டில் இருக்க முடியும்' என்று ஊகப்பொருளில் யாரும் கூறுவதில்லை. ஆங்கிலத்தும் 'கேன்' அங்ஙனம் வருதல் அரிது. தொடர்பற்ற இரு மொழிகள் இவ்வளவு நெருங்கி ஒழுகுதல் வியப்புக்குரியது.

இனி, 'மே', 'மைட்' என்பவற்றின் வேறுபாட்டிற்கு வருவோம். 'மைட்' வடிவால் 'மே' என்பதன் இறந்தகாலம். இன்றைய பேச்சில் அது பெரும்பாலும் காலத்தை உணர்த்துவதில்லை. நிகழ்ச்சியைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி ஐயத்தை மிகுவிக்கின்றது. 'குட்' என்பதும் ஊகத்தில் அத்தகையதே. காலத்தால் தொலைவானதை உறுதியாலும் தொலைவானதாக்குதல் ஆங்கிலத்தின் உத்தி. தமிழில் இவ்வுத்தி இல்லை. ஆயின் அப்பணி நடவாமலில்லை. 'மழை பெய்யக்கூடும்' என்பதனையும் 'மழை பெய்யவும் கூடும்' என்பதனையும் ஒருங்கே வைத்து நோக்குக. இரண்டாவது தொடர் துணிவிற் குறைந்தது. பெய்யாமலிருத்தலையும் உடன்கொண்டு நிற்பது. அவ்வாறு குறைத்தது உம்மையே. 'பழுத்தாலும் பழுக்கும்' என்ற பலா வணிகர் செய்ததும் அதுவே.

தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்து, அவற்றுள் ஐயத்தையும் ஒன்றாக வைத்தார். நன்னூலாரும் அதனைக் கொண்டார். மேற்காட்டிய உம்மையை, எஞ்சிய மறுதலையைத் தழுவுதலின், எச்சவும்மை என்று கொள்வாரும் உளராகலாம். அது பிறக்கும் முறையை நோக்கின் அக்கூற்றும் பொருந்தும். கேட்போர் உள்ளத்து விளைப்பது ஐயமாதலின் ஐயவும்மை என்றலே தக்கது என்பது நம் கருத்து. ஐயத்திற்கெனவே பழந்தமிழில் வழங்கிய 'கொல்' இன்று உரைநடையிலும் பேச்சிலும் இல்லை. 'வருமோ' என்பதில் ஓகாரம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. ஒப்புமைப்பொருள் இன்றி வரும் 'போலும்' என்பதனை முன்னோர் அசைநிலையில் அடக்கினர். இன்று 'வந்துவிட்டார் போலும்' என்பது கண்டது கொண்டு கருதியதைத் தெளிவாகவே உணர்த்துகின்றது.

எதிர்மறையின் இடர் 'கூடும்' என்பதிற் பெரிது. 'மழை பெய்யக்கூடும்' என்பதனை மறுத்து 'மழை பெய்யக்கூடாது' என்றால், அது ஊகமாகாது. வேண்டுகோளோ விலக்கோ ஆகிவிடும். முற்காலத்து உரைநடையில் 'கூடாத காரியம்' என்பது இயலாத செயல் என்று பொருள்பட்டது. இன்று தகாத செயல் என்றே பலரும் கொள்வர். ஆங்கிலத்தில் 'மே' என்பதன் எதிர்மறையும் இருபொருள்படும்: 'போக இசைவில்லை' என்பது ஒன்று; 'போகாமலும் இருக்கலாம்' என்பது மற்றொன்று. முன்னதில் எதிர்மறை துணைவினையைச் சாரும். பின்னதில் முதன்மைவினையைச் சாரும். தமிழ் இவ்விரண்டையும் வடிவிலேயே பிரித்துவிடுகின்றது. ஆதலின் மொழிபெயர்ப்போன் எதனை எழுதுவது என்று துணிந்தே ஆகவேண்டும். ஆங்கிலத்தின் மயக்கத்தில் அவன் ஒளிந்துகொள்ள இயலாது.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல ஆண்டுகள் வளர்த்த மரம் ஒரு காலைப்பொழுதில் வீழ்ந்த நிலத்தில், முன்னறிவிப்பின் வினைமுற்று எத்தகையது என்பது உழவர்க்குப் பொருட்டான செய்தி. இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் ஆங்கில அறிக்கைகளில் நிகழ்தற்குரிய அளவை நான்காகப் பகுத்திருக்கின்றது: 25 விழுக்காட்டிற்குக் குறைந்தது, 25 முதல் 50, 50 முதல் 75, அதற்கு மேற்பட்டது எனத் தனித்தனிச் சொல் உண்டு. இவற்றுள் இரண்டாம் படிக்குரிய 'லைக்லி' என்னும் சொல்லையே, காலநிலை மாற்றம் பற்றி ஆராயும் உலக நாடுகளின் குழு 66 விழுக்காடும் அதற்கு மேலும் என்னும் பொருளில் ஆளுகின்றது. ஆங்கிலமும் எங்கும் ஒருபடித்தாய் நிற்கவில்லை என்பதற்கு இது சான்று. தமிழ்ச் செய்திகளிலோ 'பெய்யக்கூடும்', 'பெய்ய வாய்ப்புள்ளது' என்னும் இரு தொடர்களே பெரும்பாலும் எல்லாப் படிகளுக்கும் வருகின்றன. 'பெய்யவும் கூடும்', 'பெய்யக்கூடும்', 'பெரும்பாலும் பெய்யும்' என்று படிவகுத்து ஆளுதற்கு மொழியில் இடமிருந்தும், அறிவிப்பு நடை அவ்விடத்தைப் பயன்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் கூறற்பாலது. 'அவர் முன்பே சொல்லியிருக்கலாம்' என்னும் தொடர், சொன்னாரோ என்று அறியாதவர் வாயில் ஊகம். சொல்லவில்லை என்று அறிந்தவர் வாயில் குறைகூறல். 'குட்' என்பதற்கும் இவ்விரு நிலையும் உண்டு. எழுத்தில் இவற்றைப் பிரித்தறிய முன்பின் தொடர்களையே நோக்க வேண்டும். பேச்சில் தமிழ் ஓர் ஏகாரத்தால் முடித்துவிடுகின்றது: 'சொல்லியிருக்கலாமே' என்றால், பண்ருட்டிக் கடைத்தெருவில் யாரும் அதனை ஊகமென்று கொள்ளார்.