ஒரே எண்ணை நம்பலாமா?

வேப்பம்பட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தைத் திறந்து, கும்மிடிப்பூண்டி நிலையத்தைக் கிளிக் செய்து பார்ப்பது என் வழக்கம். காற்றின் தரம் ஒரே எண்ணாக வரும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

விண்கலக் காற்றுக்கு நாசா வைத்துள்ள வரம்பைப் பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறக் குளிர்விப்புக் குழாய்களில் அம்மோனியா ஓடுகிறது. அது உள்ளே கசிந்தால், 1 மணி நேரத்துக்கு 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) வரை போகலாம். 24 மணி நேரத்துக்கு 20. 7 நாள் என்றால் வெறும் 3! அவசரத்தில் லேசான கண் எரிச்சலைப் பொறுக்கலாம். நாள் கணக்கில் முடியாது. வெளியே போய் மூச்சு விடவும் வழியில்லையே. 2025-ல் 18 நாள் அங்கே தங்கிய சுபான்ஷு சுக்லாவுக்கும் இந்த 3 தான் கணக்கு.

நமக்கு? 2009-ல் அறிவித்த தேசியத் தரத்தில் பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40. 1 மணி நேர வரம்பே இல்லை. விடியற்காலை 2 மணி நேரம் 300, மீதி 22 மணி நேரம் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 52.5. பாஸ்!

வீட்டில் இளைப்பு உள்ள குழந்தை இருந்தால், பள்ளிக்கு அனுப்புமுன் அதே தளத்தில் மணிக்கு மணி பதிவாகும் அளவையும் பாருங்கள்.