மட்டக்களப்பு வாவியும் அதன் வடிநிலமும்

மட்டக்களப்பு வாவி ஆறன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட இக்களப்பு, முந்தனை ஆறு, மகிழவட்டவான் ஆறு முதலியன மேற்கிலிருந்து கொணரும் நீரின் சேர்விடமாகும். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கும்; கோடையில் மணற்றிட்டு அவ்வாய்களை அடைத்துவிடும்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தது. அந்த ஆறு தனிவழியே கடலடைவது. எனினும், திட்டத்தின் இடதுகரை வயல்களின் கழிவுநீர் வாவியின் தென்பகுதிக்கு வடிகின்றது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மதகு ஒரு மாவட்டத்திலும் முகத்துவாரம் மற்றொன்றிலும் அமைந்தன. (எல்லை வகுத்தோர் நீரின் போக்கைக் கருதினாரல்லர்.)

மாரி வெள்ளத்திற் படுவான்கரை வேளாண்மை அழுகினால், பிறர் காணியை உழுத குத்தகையாளனுக்குக் கடனே மிஞ்சும். அதனை இயற்கையின் சீற்றம் என்போர், மதகு எப்போது திறக்கப்பட்டது, முகத்துவாரம் எப்போது வெட்டப்பட்டது என வினவுவதில்லை.