பானைத் தண்ணீரும் பனிச்சறுக்கும்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரத் தண்ணீர்ப்பந்தலில் மண்பானையைத் தொட்டுப் பாருங்கள். வெளியே வியர்த்திருக்கும், உள்ளே தண்ணீர் சில்லென்றிருக்கும். கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பனிச்சறுக்குப் போட்டி நடத்துபவர்களுக்கும் இந்தப் பானை வித்தைதான் கைகொடுக்கிறது.

2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளை இந்தியா நடத்தியது. பனிக்கட்டி அரங்கப் போட்டிகள் டேராடூனில், பனிச்சறுக்கு அவுலியில். இமயமலைதானே, பனிக்கா பஞ்சம் என்போம். ஆனால் 2025 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

வானம் கைவிட்டால் இயந்திரம். அழுத்திய காற்று பீய்ச்சி வெளியேறி விரியும்போது சட்டென்று குளிர்ந்து, நுண்ணிய பனித்துகள்களை உண்டாக்குகிறது. விசிறி ஊதும் நீர்த்துளிகள் இவற்றோடு ஒட்டி, தரையில் விழுவதற்குள் உறைகின்றன. துளியின் மேற்பரப்பு ஆவியாகி உள்பக்கத்தைக் குளிர்விப்பதால், காற்று நன்றாக உலர்ந்திருந்தால் வெப்பமானி பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே காட்டினாலும் பனி விழும். ஈரக்காற்றென்றால் கடுங்குளிர் வேண்டும்; ஐப்பசி மழையில் நம் பானை சோம்பிவிடுவதும் அதனால்தான்.

வறண்ட குளிருள்ள பெய்ஜிங், 2022 குளிர்கால ஒலிம்பிக்கை ஏறக்குறைய முழுக்கச் செயற்கைப் பனியிலேயே நடத்தி முடித்தது. அந்தப் பனியில் ஆறுமுக நட்சத்திர அழகெல்லாம் கிடையாது, வெறும் குருணை. ஆனால் அடர்த்தி அதிகம், லேசில் உருகாது. வீரர்கள் விழுந்தால் வலியும் அதிகம்.